வீட்டுக்குள் ஜூனிப்பர் போன்சாய் வளருமா? புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் பத்து வருடங்களாகத் தொட்டியில் மரம் வளர்க்கிறேன். போன்சாய் வாங்கியவர்கள், பரிசாகக் கிடைத்தவர்கள், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பாதிக் கேள்விகளுக்கு மேல் ஒரே மரத்தைப் பற்றியவை, அதுதான் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரம். பேச்சு எங்கே தொடங்கினாலும் "நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று காய்ந்துவிட்டது" என்றுதான் முடியும். அந்தத் திடீர் உண்மையில் திடீர் இல்லை. பல வாரங்களுக்கு முன்பே நடந்து முடிந்த ஒன்று அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கும்.

ஜூனிப்பர் போன்சாயை வீட்டுக்குள் வளர்க்க முடியுமா?

முடியாது. ஓரிரு நாள் உள்ளே வைக்கலாம், வளர்க்க முடியாது.

போன்சாய் என்பது ஒரு செடியின் பெயர் அல்ல, வளர்க்கும் முறையின் பெயர். ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் ஆழமில்லாத தட்டு, 'சாய்' என்றால் நடுவது. அந்தத் தட்டில் ஆலமரத்தையும் நடலாம், புளியையும் நடலாம். தட்டுக்கு வந்துவிட்டதால் மரத்தின் குணம் மாறிவிடாது. ஜூனிப்பரின் குணம் திறந்த வெளியில் உருவானது. உலகில் 50க்கும் மேற்பட்ட ஜூனிப்பர் இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை மலைச்சரிவுகளிலும் வறண்ட மேட்டுநிலங்களிலும் நேர் வெயிலில் நிற்பவை. லடாக்கில் இதை ஷுக்பா என்பார்கள். அதன் தழையை வழிபாட்டில் சாம்பிராணி போலப் புகைய விடுவார்கள். போன்சாய்க்காரர்கள் அதிகம் விரும்பும் ஷிம்பாகு, சீன ஜூனிப்பரின் ஒரு வகை. ஜப்பானில் நீகாட்டா பகுதியின் இதோயிகாவா போன்ற இடங்களில் செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கி அந்த மரங்களைச் சேகரித்திருக்கிறார்கள். காற்றும் பனியும் வெயிலும் அடிக்கிற பாறை இடுக்கில் வாழ்ந்த மரம் அது. நம் ஹாலில் ஃபேனுக்கு அடியில் அதற்குப் பிடித்தது எதுவுமே இல்லை.

ஆனால் படங்களில் எல்லாம் மேசைமேல்தானே இருக்கிறது?

படம் எடுக்க வைத்தது அது. ஜப்பானிய வீடுகளில் தோகோனோமா என்று ஒரு மாடம் உண்டு. விருந்தாளி வரும்போது மரத்தை உள்ளே கொண்டுவந்து அங்கே வைப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடி வெளியே போய்விடும். நாம் படத்தில் பார்ப்பது அந்த ஓரிரு நாளை.

டோக்கியோவுக்கு வடக்கே, சைதாமாவில் ஓமியா என்ற போன்சாய் கிராமம் இருக்கிறது. 1923 பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்த போன்சாய் வளர்ப்பாளர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடி அங்கே குடிபெயர்ந்து, 1925இல் கிராமத்தை உருவாக்கினார்கள். அங்கே குடியிருக்க ஆரம்பத்தில் சில விதிகள் வைத்திருந்தார்கள். குறைந்தது 10 மரமாவது வைத்திருக்க வேண்டும், இரண்டு மாடி வீடு கட்டக்கூடாது என்பவை அவற்றில் அடங்கும். மரம் வளர்ப்பவர்களுக்கென்றே உண்டான ஊரிலும் மரங்கள் தோட்டத்துப் பலகைகளின் மேல், வானத்தைப் பார்த்தபடிதான் நிற்கின்றன.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு வெண்பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்த மரம். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், யமாகி குடும்பத்தின் நர்சரியில் நின்றது. ஒரு சுவரின் மறைவு அதைக் காப்பாற்றியது. 1976இல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்குப் பரிசளித்தது. அது ஜூனிப்பர் இல்லைதான், ஆனால் அதே ஊசியிலைக் கூட்டம். சரியாக வைத்தால் இவ்வகை மரங்கள் தொட்டியில் 400 வருடம் வாழும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் வீட்டில் நாலு மாதத்தில் போனால் குறை மரத்தில் இல்லை, வைத்த இடத்தில்.

எங்கள் ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும். அது போதாதா?

நம் கண் இந்த விஷயத்தில் ஏமாற்றும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அது தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை பளிச்சென்று தெரிகிறது. அளந்து பார்த்தால் கதை வேறு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், நடுப்பகல் நேர் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். விளக்கு போட்ட ஹாலில் 100 முதல் 300. வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் சில ஆயிரம். ஜன்னலிலிருந்து ஓரடி ஓரடியாகத் தள்ளிப்போக அதுவும் மளமளவென்று இறங்கிவிடும். கைபேசியிலேயே லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன, துல்லியம் குறைவு என்றாலும் வித்தியாசம் புரியும். ஜன்னலில் ஒரு தடவை, மொட்டைமாடியில் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு, உரம் அல்ல. ஜூனிப்பர் நிழலில் சமாளிக்கத் தெரியாத மரம். குறைந்த வெளிச்சத்தில் சேமிப்பைத் தின்று கொஞ்ச காலம் ஓட்டும், அவ்வளவுதான்.

எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு போடலாமா என்றும் கேட்கிறார்கள். விலை உயர்ந்த, வலுவான விளக்கைத் தினம் 14 மணி நேரம் எரியவிட்டால் வெளிச்சத்தின் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். குளிர் ஓய்வு, காற்றோட்டம், இரவு பகல் வெப்ப வித்தியாசம் இவற்றுக்கு என்ன செய்வது? அந்தச் செலவில் உள்ளே வாழக்கூடிய நல்ல மரம் ஒன்றையே வாங்கிவிடலாம்.

வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள்தான் இருக்கிறது, பச்சையாகத்தானே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என் முதல் மரம் போனது இப்படித்தான்.

மாவிலைத் தோரணம் கட்டிய அன்று இலை பச்சையாகத்தான் இருக்கும். கிளையிலிருந்து அறுத்த கணமே அதன் வாழ்வு முடிந்துவிட்டது, நிறம் மட்டும் ஓரிரு நாள் தாமதமாகப் போகிறது. ஜூனிப்பரில் இந்தத் தாமதம் வாரக்கணக்கு, சில நேரம் மாதக்கணக்கு. அதன் இலை சின்னது, மெழுகுப் பூச்சு உள்ளது, ஈரத்தை எளிதில் விடாது. வேர் அழுகி மரம் செத்துப்போன பிறகும் மேலே பச்சை அப்படியே நிற்கும். துளசியோ ரோஜாவோ தண்ணீர் இல்லையென்றால் தலை தொங்கி நம்மைக் கூப்பிடும். ஜூனிப்பர் கூப்பிடாது.

என் மரத்தைப் புத்தக அலமாரியில் வைத்திருந்தேன். தீபாவளிக்கு வாங்கியது. பொங்கல் வரை ஒரு குறையும் தெரியவில்லை, வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகக் காட்டினேன். மாசி மாதம் பச்சை சற்று மங்கியது, சாம்பல் பூத்த மாதிரி. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினேன். இரண்டே வாரத்தில் முழுக்கப் பழுப்பு. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்து, தொட்டாலே தோலுரிந்து வந்தன. அவை அப்படி ஆகி வெகு நாளாயிருக்க வேண்டும். பொங்கலன்று நான் பெருமையாகக் காட்டியது அநேகமாகச் செத்த மரத்தைத்தான்.

ஆகவே, பச்சையாக இருக்கிறது என்பதை ஆரோக்கியத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுத் தளிர் வருகிறதா என்று பாருங்கள். உயிருள்ள ஜூனிப்பரின் கிளை நுனிகள் வளரும் பருவத்தில் மற்ற இலையைவிட வெளிர்பச்சையாக, மென்மையாக நீளும். மாதக்கணக்கில் நுனி அசையவே இல்லை என்றால் கவலைப்பட வேண்டும்.

உயிர் இருக்கிறதா என்று உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?

தண்டின் அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், நகத்தாலோ பிளேடு முனையாலோ அரிசி அளவுக்குப் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சைப் படலம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. ஒரு கிளையில் பச்சை இல்லை என்பதால் மரமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடித்தண்டில் இரண்டு மூன்று இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இலை முழுக்கப் பழுப்பாகி, உரசினால் நொறுங்குகிறதா? அப்படியானால் திரும்பி வராது. ஜூனிப்பர் வெற்றுக் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் அல்ல. முருங்கையைப் போல வெட்டிவிட்டால் தழைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குளிர்கால ஓய்வு கட்டாயமா? நம் ஊரில் குளிரே இல்லையே?

குளிர்நாட்டு ஜூனிப்பர்களுக்கு வருடத்தில் பல வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். அந்த நாட்களில் வளர்ச்சியை நிறுத்தி, வசந்தத்துக்குச் சக்தி சேர்த்துக்கொள்ளும். அது கிடைக்காமல் வருடம் முழுக்க விழித்தே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோகும். சென்னையில் ஜனவரியில்கூட இரவு 20 டிகிரிப் பக்கம். கோயம்புத்தூர், பெங்களூரு கொஞ்சம் பரவாயில்லை. உண்மையான குளிர் என்றால் ஊட்டிதான், அங்கே புல்மேல் உறைபனி விழுகிறது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஜூனிப்பருக்கு ஏற்ற ஊரில் இருக்கிறார்கள், துணிந்து வளர்க்கலாம்.

ஏ.சி. அறையை யாராவது குளிராகக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அது வேண்டாம். 24 டிகிரி ஓய்வு தராது, வறண்ட காற்று மட்டும் தரும்.

அப்படியானால் சமவெளியில் இருப்பவர்கள் ஜூனிப்பரை மறந்துவிட வேண்டியதுதானா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நம் நர்சரிகளில் ஜூனிப்பர் என்ற பெயரில் கிடைப்பவற்றில் சீன ஜூனிப்பர் வகைகள் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். வெப்பமான தைவானில் அற்புதமான ஜூனிப்பர் போன்சாய்கள் வளர்கின்றன. சென்னை மொட்டைமாடியில் ஆறேழு வருடம் நன்றாக இருக்கும் மரத்தை நானே பார்த்திருக்கிறேன். அங்கே வெயில், காற்று, நல்ல வடிகால் மூன்றும் இருந்தன. ஜப்பானிய ப்ரோகம்பென்ஸ் என்ற படரும் வகை, ஊசி ஊசியாக இலை உள்ளது, நம் கோடையில் சீக்கிரம் களைத்துவிடுகிறது.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். விசிறி போலத் தட்டையாக, செங்குத்தாக அடுக்கிய இலை இருந்தால் அது பெரும்பாலும் துஜா. அதையும் ஜூனிப்பர் என்று சொல்லி விற்கிறார்கள்.

பால்கனியில் எந்த இடம் நல்லது?

கிழக்கு முதல் தேர்வு. காலை வெயில் குறைந்தது 5 மணி நேரம் விழ வேண்டும். மேற்குப் பக்கம் என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மதியத்துக்குப் பச்சை வலை கட்டுங்கள். மொட்டைமாடியில் தொட்டியைச் சிமெண்டுத் தரைமேல் நேராக வைக்காதீர்கள். தரைச்சூடு வேரை வேகவைத்துவிடும். நாலு செங்கல் அடுக்கி மேலே ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட் ஊதும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு நாள் வீட்டுக்குள் இருந்த மரத்தை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் வாரம் காலை ஒரு மணி நேர வெயில் போதும், மீதி நேரம் நிழல். பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, மூன்று வாரத்தில் முழு வெயிலுக்குப் பழக்கலாம்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நாள் கணக்கு வைத்து ஊற்றுவதுதான் பாதிப் பிரச்சினை. மே மாதத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் வேண்டியிருக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் தொடவே வேண்டாம். மண்ணைக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்றை எடுத்துத் தொட்டி ஓரத்தில் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கறுத்து ஈரமாக வந்தால் பொறுங்கள். லேசான ஈரம் என்றால் ஊற்றும் நேரம். உலர்ந்து வந்தால் கொஞ்சம் தாமதித்துவிட்டீர்கள். ஒரு மாதம் இப்படிப் பழகினால் அப்புறம் தொட்டியைத் தூக்கிப் பார்த்த கனத்திலேயே தெரிந்துவிடும்.

ஊற்றும்போது கீழ் ஓட்டை வழியாக நீர் ஒழுகும்வரை பூவாளியால் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை. வடிந்த நீர் தட்டில் தேங்கக்கூடாது. கரண்டி அளவில் தினமும் கொஞ்சம் என்று ஊற்றுவது மேல்மண்ணை நனைத்து அடிவேரைப் பட்டினி போடும். இலைமேல் தெளிப்பதைத் தூசி போவதற்காகச் செய்யலாம், அது நீர் ஊற்றியதாகாது. உப்பான போர் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் மழைநீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது நன்றாக அலசி ஊற்றுங்கள்.

தொட்டியின் மேல் கூழாங்கற்கள் பசை போட்டு ஒட்டியிருக்கின்றனவே?

கடையிலிருந்து வரும் வழியில் மண் கொட்டாமலிருக்க ஒட்டுகிறார்கள். வந்த அன்றே பெயர்த்து எடுத்துவிடுங்கள். நீர் இறங்குவதைத் தடுக்கும், உள்ளே ஈரம் இருக்கிறதா என்றும் தெரியவிடாது. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன மண் போட வேண்டும்? எப்போது தொட்டி மாற்றுவது?

தோட்டத்து மண் வேண்டாம், ஆழமில்லாத தட்டில் அது களியாக இறுகிவிடும். ஜப்பானில் அகடாமா என்ற களிமண் குருணையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அது கிடைத்தாலும் விலை அதிகம். நான் போடுவது உடைத்த செங்கல். நன்றாக வெந்த பழைய செங்கல்லை உடைத்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளைச் சலித்து எடுத்து, தூசியைக் கழுவிவிட்டு, இரண்டு பங்கு. பருமணல் ஒரு பங்கு. நன்கு மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு. கோகோபீட் எனும் தென்னை நார்த்தூள் மழைக்காலத்தில் ஈரத்தை விடவே விடாது என்பதால் ஜூனிப்பருக்கு நான் சேர்ப்பதில்லை.

வாங்கிய உடனே தொட்டி மாற்றாதீர்கள். மண் களியாக இருந்து நீர் இறங்காமல் தேங்கி நின்றாலொழிய, ஒரு பருவம் முழுக்க வெளியே இருந்து பழகட்டும். தொட்டி மாற்ற ஏற்ற காலம் குளிர்நாடுகளில் வசந்தத்தின் தொடக்கம், நம் சமவெளியில் மார்கழி, தை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். வேரை முழுக்க அலசி வெறும் வேராக்கிவிடக் கூடாது. அதோடு ஒட்டி வாழும் நன்மை செய்யும் பூஞ்சையும் போய்விடும். இந்தமுறை பாதி மண், அடுத்த முறை மீதி. வேரை வெட்டிய வருடம் கிளையைத் தொடாதீர்கள்.

நுனிகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடர்த்தியாகும் என்கிறார்களே?

பழைய பழக்கம், இப்போது தேர்ந்தவர்கள் பலர் கைவிட்டுவிட்டார்கள். வளரும் நுனிகளில்தான் மரத்தின் பலம் இருக்கிறது. எல்லாவற்றையும் கிள்ளிவிட்டால் கிள்ளிய இடம் பழுப்பாகும், மரமும் சோர்ந்துவிடும். நன்றாக நீண்டு ஓடும் தளிரை மட்டும், அடியில் பச்சை மிச்சம் இருக்கும்படி, கத்தரியால் வெட்டுங்கள். எந்தக் கிளையிலும் பச்சை முழுவதையும் எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் அந்தக் கிளை போய்விடும். ஒரே நேரத்தில் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. முதல் வருடம் மரம் உயிரோடு இருந்து வளர்ந்தாலே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செதில் செதிலாக இருந்த இலை திடீரென்று முள் முள்ளாக வர ஆரம்பித்தால், அதிகமாக வெட்டிவிட்டீர்கள் அல்லது மரம் ஏதோ சிரமத்தில் இருக்கிறது. தொடாமல் விட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் பழைய இலை வரும்.

உள்பக்க இலைகள் பழுப்பாகின்றன. நோயா?

தண்டை ஒட்டிய, வெயில் படாத பழைய இலை உதிர்வது இயல்பு. சுத்தம் செய்துவிட்டால் காற்று போகும். நுனியிலிருந்து பழுப்பு உள்ளே வந்தால் வேரைச் சந்தேகிக்க வேண்டும். பச்சை மங்கி, புள்ளி புள்ளியாகச் சாம்பல் பூத்தால் சிவப்புச் சிலந்திப்பேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள், விழுந்த தூசி நகர்ந்தால் அதுதான். நல்ல விசையோடு தண்ணீர் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவதே பாதி மருந்து. வாரம் ஒருமுறை மாலையில், ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும். வறண்ட, காற்றில்லாத இடம்தான் இந்தப் பேனுக்குப் பிடித்த இடம், வீட்டுக்குள் வைத்த ஜூனிப்பருக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை.

கடையில் 15 வருட மரம் என்றார்கள். நம்பலாமா?

தண்டு பென்சில் கனம் இருந்தால் அது பதியன் வைத்து இரண்டு முதல் நான்கு வருடமே ஆன கன்றாக இருக்கும். அதில் தவறில்லை, விலை அதற்கேற்ப இருக்கட்டும். சின்னத் தட்டில் தண்டு பருக்காது. பருமன் வேண்டுமென்றால் பெரிய தொட்டியிலோ தரையிலோ சில வருடம் ஓடவிட வேண்டும். அதனால்தான் புதியவர்களுக்கு நான் அலங்காரத் தட்டில் இருப்பதை வாங்கச் சொல்வதில்லை, நர்சரிப் பையில் இருக்கும் சாதாரணச் செடியை வாங்கச் சொல்கிறேன். வேர் நிறைய இருக்கும், தாங்கும்.

போன்சாய் விதை என்று பெட்டியில் வருவதை வாங்காதீர்கள். அப்படி ஒரு விதை கிடையாது, சாதாரண மர விதைதான். ஜூனிப்பர் விதை முளைக்கவே குளிரில் பல மாதம் வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் போன்சாய் வைத்தால் குடும்பத்தின் வளர்ச்சி குன்றும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே? மரத்தை வதைப்பதாகவும் சொல்கிறார்கள்.

என் அத்தையும் இதையே சொன்னார். வாஸ்து பார்ப்பவர்கள் பலர் போன்சாயை வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை, ஜூனிப்பர் எப்படியும் வெளியேதானே இருக்க வேண்டும். மொட்டைமாடியில் வைத்த பிறகு அத்தையே தினமும் போய்ப் பார்க்கிறார்.

வதை என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. போன்சாய் மரம் பட்டினி போட்டுக் குறுக்கப்படுவதில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வளர்ந்து, அந்த வளர்ச்சியை வெட்டி வெட்டிச் சிறிதாக வைக்கப்படுகிறது. மல்லிகையையும் மருதாணியையும் கவாத்து செய்வது போலத்தான். பலமில்லாத மரத்தில் போன்சாய் செய்யவே முடியாது. கிளையை வளைக்கக் கம்பி கட்டி, மறந்துபோய் அதைப் பட்டையில் புதைய விடுவது, வெயில் வேண்டிய மரத்தை அலமாரியில் அடைப்பது, இவற்றை வதை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் டொரான்டோவில் இருக்கிறோம். பனிக்காலத்திலாவது உள்ளே எடுக்க வேண்டாமா?

சூடாக்கிய வீட்டுக்குள் எடுக்காதீர்கள், அந்தக் குளிர்தான் அதற்குத் தேவையான ஓய்வு. ஆனால் தரையில் நிற்கும் மரத்தின் வேர்போல் தொட்டி வேருக்குப் பாதுகாப்பு இல்லை. தோட்டம் இருந்தால் தொட்டியோடு மண்ணில் புதைத்து மேலே சருகோ மரச்சீவலோ மூடுங்கள், காற்று நேராக அடிக்காத இடமாக. ஹீட்டர் இல்லாத கராஜும் சரி. ஆழ்ந்த ஓய்வில் இருக்கும்போது வெளிச்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண் ஈரம் மட்டும் பாருங்கள். அடுக்குமாடி பால்கனி என்றால் தெர்மோகோல் பெட்டியில் தொட்டியை இறக்கி, சுற்றிலும் மரச்சீவல் நிரப்பி, சுவரோரமாக வையுங்கள். லண்டன் குளிருக்கு இவ்வளவு வேண்டாம், கடும் உறைபனி நாட்களில் மறைவு போதும். குளிரில் இலை செம்பு நிறத்துக்கு மாறினால் பயப்படாதீர்கள், வசந்தத்தில் பச்சையாகிவிடும்.

எங்களுக்கு பால்கனியே இல்லை. உள்ளே என்ன மரம் வைக்கலாம்?

ஃபைக்கஸ். ஆல், அரசு குடும்பத்தைச் சேர்ந்தது. நர்சரியில் ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா, பெஞ்சமினா என்று கேளுங்கள். குளிர் ஓய்வு வேண்டாம், குறைந்த வெளிச்சத்தை ஓரளவு பொறுக்கும், வெட்டினால் துளிர்க்கும், தவறுகளை மன்னிக்கும். அதற்கும் வெயில் வரும் ஜன்னலோரம் வேண்டும், அலமாரி போதாது. தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு ஜேட் என்று விற்கும் போர்ட்டுலகாரியா நல்லது. தண்டிலும் இலையிலும் நீர் சேர்த்து வைத்திருக்கும்.

என் ஜூனிப்பர் செத்துவிட்டது. எனக்குக் கைராசி இல்லையோ?

கைராசி என்ற சொல்லால் எத்தனை பேர் செடி வளர்ப்பதையே விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை நம்பி, வாழ முடியாத இடத்தில் வாழ முடியாத மரத்தை வைத்தீர்கள். இருபது வருடம் போன்சாய் செய்தவர் வைத்திருந்தாலும் அதே கதிதான்.

தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். மொட்டைமாடியில் இடம் கிடைக்கும், ஊசியிலை அழகுதான் வேண்டும் என்றால், ஒரு மரம் சொல்கிறேன்: சவுக்கு. நம் கடற்கரையெங்கும் நிற்கிற அதே சவுக்குதான். சின்ன வயதில் அதன் 'இலை'யை ஒரு கணுவில் உருவி மறுபடி பொருத்திவைத்து, எங்கே உடைத்தேன் என்று கேட்டு விளையாடியிருப்போம். அது இலை அல்ல, பச்சைக் குச்சி. உண்மையான இலை கணுவைச் சுற்றி இருக்கும் பொடிச் செதில்கள். தைவானிலும் இந்தோனேசியாவிலும் இதில் பைன் மரம் போலவே தோன்றும் போன்சாய்கள் செய்கிறார்கள். நம் வெயில், உப்புக்காற்று, புழுக்கம் எல்லாம் அதற்குப் பழக்கம். குளிர் வேண்டாம்.

கடலூர், விழுப்புரம் பக்கம் நாற்றங்கால்களில் கன்று மலிவு விலைக்குக் கிடைக்கும். ஐந்தாறு கன்றாக வாங்கி வாளி அளவு தொட்டியில், முழு வெயிலில் வையுங்கள். ஜூனிப்பரைவிடத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், கோடையில் ஒரு நாள் தவறினாலும் நுனி காயும். முதல் இரண்டு வருடம் அடித்தண்டு கட்டைவிரல் கனம் வரட்டும். கம்பியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.